உடையாத மரபணுவும் ஊமையாகும்

நெமிலிச்சேரியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அருண் குமார் என்ற மரபியல் பேராசிரியரின் ஆய்வுக்குழு 2013ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டது. வாய்ப்புற்றுநோயாளிகளிடமிருந்து அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டித் துண்டுகளில் சிடிசி73 என்ற மரபணு எப்படி இருக்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். செல்கள் வரம்பு மீறிப் பெருகாதபடி தடுக்கும் ஒரு புரதத்துக்கான மரபணு அது. பெரும்பாலான கட்டிகளில் அதன் வெளிப்பாடு குறைந்து கிடந்தது. மரபணு கெட்டிருக்கிறது, அதனால்தான் புரதம் வரவில்லை என்று யாருமே முதலில் நினைப்போம். அவர்களும் அப்படித்தான் தேடினார்கள். மரபணுவின் ஒரு பிரதி தொலைந்திருக்கிறதா? அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா? அதன் முகப்பில் மெத்தில் வேதிக்கூறு படிந்து அது மூடப்பட்டிருக்கிறதா? கட்டிகளில் ஒரு பகுதியில் இந்த மூன்றுமே இல்லை. மரபணு முழுதாக, பிறந்த நாளில் இருந்தது போலவே இருந்தது. புரதம் மட்டும் குறைந்துவிட்டது.

அப்படியென்றால் அதை அடக்கியது யார்? இன்று நான் பேச வந்திருப்பது அதைப் பற்றித்தான்.

புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்கள் நம் உடலில் உண்டு என்ற எண்ணமே அவ்வளவு பழையது அல்ல. அதற்கு வழிகாட்டியது குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு கட்டி. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தையைத் தாக்குகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தெரிந்துவிடும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆல்ஃபிரட் நட்சன் என்ற மருத்துவர் 48 குழந்தைகளின் நோய்க் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். சில குழந்தைகளுக்கு இரண்டு கண்ணிலும் கட்டி, அதுவும் சீக்கிரமே. மற்றவர்களுக்கு ஒரு கண்ணில், கொஞ்சம் தாமதமாக. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக மரபணு இரண்டு பிரதிகளாக வருகிறது. இரண்டும் கெட்டால்தான் கட்டி வளரும். முதல் வகைக் குழந்தைகள் ஒரு பிரதி கெட்ட நிலையிலேயே பிறந்துவிடுகிறார்கள், அவர்களுக்கு இன்னும் ஒரு அடி விழுந்தால் போதும் என்று 1971இல் அவர் எழுதினார். அந்த மரபணு 1986இல் கையில் அகப்பட்டது. ஆர்பி1 என்று பெயர் வைத்தார்கள். புற்றொடுக்கி மரபணுக்களின் வரிசை அதிலிருந்து தொடங்குகிறது. பிறகு பி53, பீட்டென், பிஆர்சிஏ என்று பட்டியல் நீண்டது.

குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போட்டோ எடுக்கும்போது ஒரு கண்மணியில் மட்டும் வெள்ளையாக ஒளி தெரிந்தாலோ, குழந்தைக்குப் புதிதாக மாறுகண் வந்தாலோ தள்ளிப் போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும் பல நேரம் பார்வையையும் காப்பாற்றலாம்.

நட்சனின் கணக்கு அழகானது. அரை நூற்றாண்டாகப் பாடநூல்களில் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. புற்றொடுக்கி மரபணு செயலிழக்க வேண்டுமென்றால் அது டிஎன்ஏ அளவில் கெட வேண்டும் என்பதே அது. பெங்களூருக் கட்டிகள் அந்த அனுமானத்தைத்தான் கேள்விக்கு உள்ளாக்குகின்றன.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். டிராயிங் ஆபீசில் மூல வரைபடம் பத்திரமாக இருக்கும், அது வெளியே வராது. அதிலிருந்து பிரிண்ட் எடுத்துத்தான் ஷாப்புக்கு அனுப்புவார்கள். அந்தப் பிரிண்டைப் பார்த்து உதிரிபாகத்தைக் கடைவார்கள். செல்லிலும் மூல வரைபடம் டிஎன்ஏ, அது உட்கருவுக்குள் இருக்கிறது. வெளியே வரும் பிரிண்டின் பெயர் தூது ஆர்என்ஏ. அதைப் படித்துப் புரதம் கட்டப்படுகிறது. இப்போது ஒருவர் ஷாப்புக்கு வரும் பிரிண்டை எல்லாம் வழியிலேயே பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராயிங் ஆபீசில் போய்ச் சோதித்தால் வரைபடத்தில் ஒரு கோடுகூட அழிந்திருக்காது. ஆனால் உதிரிபாகம் வராது. செல்லுக்குள் அந்த வேலையைச் செய்வதுதான் மைக்ரோ ஆர்என்ஏ.

அது மிகச் சிறியது. தூது ஆர்என்ஏ பொதுவாக ஆயிரக்கணக்கான எழுத்துகள் நீளம் கொண்டது. மைக்ரோ ஆர்என்ஏவுக்கு ஏறத்தாழ 22 எழுத்துதான். உட்கருவில் அது நீண்ட இழையாகப் பிறக்கிறது. டிரோஷா என்ற நொதி அதை அங்கேயே ஒரு கொண்டை ஊசி வடிவத்துக்கு நறுக்குகிறது. உட்கருவை விட்டு வெளியே வந்ததும் டைசர் என்ற இன்னொரு நொதி மறுபடி நறுக்குகிறது. மிஞ்சும் சிறு இழையை ஆர்கோனாட் என்ற புரதம் தன்னோடு ஏந்திக்கொண்டு தூது ஆர்என்ஏக்களின் வால்பகுதிகளைத் துழாவுகிறது. இழையின் இரண்டாம் எழுத்திலிருந்து எட்டாம் எழுத்துவரை உள்ள பகுதி எங்கே பொருந்துகிறதோ அங்கே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் அந்தத் தூது ஆர்என்ஏவிலிருந்து புரதம் உருவாவது மட்டுப்படும்; நாளடைவில் அந்தத் தூது ஆர்என்ஏவே சிதைந்துபோகும்.

ஏழு எழுத்துப் பொருத்தம் என்பது மிகச் சிறிய நிபந்தனை. அதனால் ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களின் தூதுகளில் ஒட்ட முடியும். ஒரு மரபணுவின் வாலில் பல மைக்ரோ ஆர்என்ஏக்கள் ஒட்டவும் முடியும். மனிதனின் புரத மரபணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை இப்படி ஏதாவதொரு மைக்ரோ ஆர்என்ஏவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இதைக் கண்டுபிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உருளைப்புழுவில் விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவினர் லின்-4 என்ற மரபணுவைத் தேடிப் போனார்கள். ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் அந்தக் கடின உழைப்பில் முன்னின்றவர்கள். கடைசியில் அகப்பட்டது புரதமே செய்யாத ஒரு மரபணு. அது தருவது 22 எழுத்து ஆர்என்ஏ மட்டும். அது லின்-14 என்ற இன்னொரு மரபணுவின் தூதில் ஒட்டி அதை அடக்குகிறது என்பதை கேரி ரவ்குன் குழு காட்டியது. இரண்டும் 1993இல் வெளிவந்தன. புழுவின் விசித்திரம் என்று உலகம் ஏழு ஆண்டு அதைக் கண்டுகொள்ளவில்லை. 2000இல் ரவ்குன் குழு லெட்-7 என்ற இரண்டாவதைக் கண்டது. அது ஈயிலும் மீனிலும் மனிதனிலும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதன்பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆம்ப்ரோஸ், ரவ்குன் இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுநோய்க்கும் இதற்கும் உள்ள உறவு 2002இல் வெளிப்பட்டது. கார்லோ குரோச்சேயின் ஆய்வகத்தில் ஜார்ஜ் கேலின் என்ற இளைஞர் நாள்பட்ட நிணநீர்ச்செல் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். 13ஆம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட துண்டு இந்த நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் காணாமல் போயிருந்தது. அங்கே ஏதோ ஒரு புற்றொடுக்கி மரபணு இருந்தாக வேண்டும் என்று பல ஆண்டுகளாகத் தேடினார்கள். புரதம் செய்யும் மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்துச் சலித்துப் போனார்கள். எதுவும் பொருந்தவில்லை. தொலைந்த துண்டில் இருந்தவை மிர்-15ஏ, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்கள். செல் சாக வேண்டிய நேரத்தில் சாகவிடாமல் தடுக்கும் பிசிஎல்2 என்ற புரதத்தை அவை அடக்கிவைத்திருந்தன. அவை போனதும் பிசிஎல்2 தலைதூக்கியது, செல்கள் சாகாமல் குவிந்தன. புரதமே செய்யாத ஒன்றும் புற்றொடுக்கியாக இருக்கலாம் என்று அன்று தெரிந்தது.

இதில் என்னை வியக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. நட்சன் தேடிய ஆர்பி1 மரபணு இருப்பதும் அதே 13ஆம் குரோமோசோமின் அதே வட்டாரத்தில்தான். முதல் புற்றொடுக்கி மரபணுவும் முதல் புற்றொடுக்கி மைக்ரோ ஆர்என்ஏவும் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கின்றன. ஒன்றைப் பிடித்தவர்களுக்கு மற்றதைப் பிடிக்க 16 ஆண்டு ஆனது. புரதம்தான் எல்லாம் என்ற நம்பிக்கை கண்ணை அவ்வளவு மறைத்திருக்கிறது.

ஆக, மைக்ரோ ஆர்என்ஏக்களில் இரு பக்கமும் உண்டு. புற்றைத் தூண்டும் மரபணுவை அடக்குபவை தாமே காவலர்கள். அவை குறைந்தால் ஆபத்து. புற்றொடுக்கி மரபணுவை அடக்குபவை எதிர் அணி. அவை கூடினால் ஆபத்து. பெங்களூருக் குழு கண்டது இரண்டாவது வகையை. மிர்-155 என்ற மைக்ரோ ஆர்என்ஏ அந்தக் கட்டிகளில் பெருமளவு கூடியிருந்தது. சிடிசி73இன் தூதில் அது ஒட்டுவதற்கான இடம் இருந்தது. மரபணுவைக் கெடுக்காமலே அதன் குரலை அடைத்தது அதுதான்.

இங்கே கவனமாகக் கேட்கும் மாணவர் ஒருவர் எழுந்து மறுப்புச் சொல்லலாம். மைக்ரோ ஆர்என்ஏ ஒரு புரதத்தை முற்றாக நிறுத்துவதில்லையே, பெரும்பாலும் கொஞ்சம்தானே குறைக்கிறது, அந்தக் கொஞ்சத்துக்கா புற்றுநோய் வரும் என்று. நல்ல கேள்வி. இந்தத் துறையிலேயே நெடுநாள் கேட்கப்பட்ட கேள்வி. நட்சனின் கணக்குப்படி பாதி இருந்தாலே போதும், இரண்டு பிரதியும் போனால்தான் ஆபத்து. இதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான பதில் பீட்டென் மரபணுவிலிருந்து வந்தது. செல்லுக்கு ‘வளர்’ என்று சொல்லும் சமிக்ஞையைத் தணிப்பது பீட்டென் புரதம். பியர் பாவ்லோ பாண்டோல்ஃபியின் ஆய்வகம் 2010இல் ஒரு வகை எலிகளை உருவாக்கியது. அவற்றில் பீட்டென் புரதம் இயல்பான அளவில் 80 சதவீதம் இருந்தது. ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு. அந்த எலிகளுக்கும் கட்டிகள் வந்தன, குறிப்பாகப் பெண் எலிகளின் பால்சுரப்பிகளில். 20 சதவீதக் குறைவு என்பது ஒரு மைக்ரோ ஆர்என்ஏவுக்குச் சர்வ சாதாரணமாக எட்டக்கூடிய அளவு. பல வகைப் புற்றுக் கட்டிகளில் கூடியிருக்கும் மிர்-21, பீட்டெனைக் குறிவைக்கிறது என்பது ஈரல் புற்றுச் செல்களில் 2007இலேயே காட்டப்பட்டிருந்தது. எல்லாப் புற்றொடுக்கி மரபணுக்களும் பீட்டென் போல் அளவுக்கு இவ்வளவு கூர்மையானவை அல்ல. ஆனால் அப்படிப்பட்டவை இருக்கின்றன என்பதே போதும், மறுப்பு அங்கே வலுவிழக்கிறது.

அதே ஆண்டு அதே ஆய்வகம் இன்னொரு விநோதத்தையும் காட்டியது. பீட்டெனுக்கு மரபுத் தொகுதியில் ஒரு நிழல் உண்டு. கிட்டத்தட்ட அதே எழுத்துகள், ஆனால் புரதம் செய்ய முடியாத செத்த மரபணு. அதன் ஆர்என்ஏவில் மைக்ரோ ஆர்என்ஏக்கள் ஒட்டிக்கொள்ளும்போது உண்மையான பீட்டென் தூது தப்பித்துக்கொள்கிறது. குப்பை என்று ஒதுக்கிய ஒன்று தன்னை இரையாகக் கொடுத்துப் புற்றொடுக்கியைக் காக்கிறது. எவ்வளவு தூரம் இது எல்லாத் திசுக்களிலும் நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாய்ப்புற்றுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது நம் வீட்டு நோய். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.9 லட்சம் பேருக்கு உதடு, வாய்ப் புற்றுநோய் வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். முக்கியக் காரணம் பரம்பரை அல்ல. புகையிலையும் பாக்கும்தான். புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதியாக அறிவித்தது. வெளிவட்டச் சாலையில் இரவெல்லாம் லாரி ஓட்டுபவர்களும், கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தம்பிகளும், நம் வீட்டு ஆயாக்களும் தூக்கம் போகவும் பசி அடங்கவும் கன்னத்தில் அடக்கிவைப்பது அதைத்தான். எங்கே அடக்குகிறார்களோ அந்தக் கன்னத்திலேயே கட்டி வருகிறது.

இந்தக் கன்னம், ஈறுப் பகுதிப் புற்றின் மரபணுக்களை இந்தியக் குழு ஒன்று முழுமையாகப் படித்தது. கொல்கத்தாவை அடுத்த கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபுத்தொகுதியியல் நிறுவனமும் மும்பையின் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து 2013இல் அதை வெளியிட்டன. பி53 மரபணு பெரும்பாலும் உடைந்திருந்தது. காஸ்ப்8, ஃபேட்1, நாட்ச்1 என்று வேறு சிலவும். எதெல்லாம் உடைகிறது என்று அந்தப் பெரும்பணி சொன்னது. எதெல்லாம் உடையாமல் அடங்கிப்போகிறது என்று அதே ஆண்டு பெங்களூர் ஒரு மரபணுவை வைத்துச் சொன்னது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் நோய் முழுதாகத் தெரியும் என்பது என் கருத்து.

சென்னையிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பேராசிரியர் முனிராஜன் குழு வாய்ப்புற்றுக் கட்டிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்என்ஏக்களை அளந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டது. சில கூடியிருந்தன, சில குறைந்திருந்தன. குறைந்தவற்றில் லெட்-7 குடும்பத்தைச் சேர்ந்தவையும் மிர்-16உம் இருந்தன. மிர்-16 நாம் ஏற்கெனவே பார்த்த அதே காவலர். லெட்-7 என்பது புழுவில் கண்ட அதே லெட்-7தான். மனிதரில் அது ராஸ் என்ற புற்றுத்தூண்டும் மரபணுவை அடக்கிவைக்கிறது. நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவின் ஆய்வுப் பிரிவில் மருத்துவர் கிருஷ்ணகுமார் குழுவினர் நட்சனின் அதே குழந்தைக் கண்புற்றை மைக்ரோ ஆர்என்ஏ வழியாக ஆராய்ந்திருக்கிறார்கள். மிர்-17-92 என்ற கூட்டத்தை அடக்கினால் விழித்திரைப் புற்றுச் செல்கள் பெருகுவது குறைகிறது என்று 2012இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு நோயுற்ற குழந்தைகளின் ரத்தத்தில் எந்த மைக்ரோ ஆர்என்ஏக்கள் மாறுகின்றன என்று பட்டியலிட்டார்கள்.

பெங்களூருக் கட்டுரையின் இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மிர்-155உடன் எழுத்துக்கு எழுத்து பொருந்தி அதை முடக்கும் செயற்கை இழை ஒன்றை அவர்கள் பயன்படுத்தினார்கள். ஆன்டகோமிர் என்று அதற்குப் பெயர். மிர்-155 மிகுந்த செல்களுக்கு அதைக் கொடுத்ததும் சிடிசி73 புரதம் மறுபடி கூடியது. செல்கள் பெருகுவது குறைந்தது, தாமாகச் சாவது கூடியது. எலிகளின் உடலில் வளர்த்த கட்டிகள் சுருங்கின. மரபணுவைத் திருத்தவில்லை, புது மரபணு எதையும் நுழைக்கவில்லை. அடைத்திருந்ததை விலக்கினார்கள், உள்ளே நல்லபடியாக இருந்தது பேசத் தொடங்கியது. உடைந்த பி53ஐச் சரிசெய்ய உலகம் இன்னும் திணறுகிறது. உடையாமல் அடங்கியதை எழுப்புவது அதைவிட எட்டக்கூடிய இலக்கு. இந்தத் துறையின் மீது எனக்கு இருக்கும் நம்பிக்கை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்தச் சோதனையில் பயன்பட்ட கேபி என்ற செல்வரிசை வாய்ப்புற்றிலிருந்து வந்தது என்று பல காலம் நம்பப்பட்டது. அது உண்மையில் ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுச் செல்களால் மாசுபட்டு மாறிப்போனது என்பது பின்னர் உறுதியானது. உலகெங்கும் எண்ணற்ற ஆய்வகங்கள் இந்தச் செல்லை வைத்து வேலை செய்திருக்கின்றன. மிர்-155 சிடிசி73ஐ அடக்குகிறது என்ற அடிப்படை உண்மை இதனால் மாறாது, நோயாளிகளின் கட்டிகளிலும் அது தெரிந்ததே. ஆனால் எலியில் சுருங்கியது வாய்க் கட்டி என்று சொல்லும்போது நாம் நிதானமாக இருக்க வேண்டும். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் எந்தச் செல்லில் செய்தார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

அடக்குதலை நீக்கினால் கட்டி பின்வாங்கும் என்பதற்கு ஐயமற்ற சான்று யேல் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ஸ்லாக் குழுவிடமிருந்து 2010இல் வந்தது. மிர்-21ஐ வேண்டும்போது கூட்டவும் வேண்டாதபோது நிறுத்தவும் கூடிய எலிகளை அவர்கள் வளர்த்தார்கள். கூட்டியபோது நிணநீர்ப் புற்று வந்தது. நிறுத்தியதும் கட்டிகள் கரைந்துபோயின. கட்டி முற்றிய பிறகும் அந்த ஒரு மைக்ரோ ஆர்என்ஏவை நம்பித்தான் உயிரோடு இருந்திருக்கிறது.

பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றிலும் இதே கதை இன்னொரு வடிவில் நடக்கிறது. மனித பாப்பிலோமா வைரஸ் செல்லுக்குள் புகுந்து ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்களைச் செய்கிறது. ஈ7 ஆர்பி புரதத்தைச் செயலிழக்க வைக்கிறது. ஈ6 பி53 புரதத்தை அழிவுக்கு அனுப்புகிறது. மரபணுக்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. பி53 நேரடியாக இயக்கும் மைக்ரோ ஆர்என்ஏ ஒன்று உண்டு, மிர்-34. பல ஆய்வகங்கள் ஒரே நேரத்தில் 2007இல் இதைக் கண்டன. செல் பெருகத் துணைபோகும் பல புரதங்களை மிர்-34 அடக்குகிறது. பி53 அழிந்தால் மிர்-34உம் சரிகிறது. ஆக, புற்றொடுக்கிக்கு மைக்ரோ ஆர்என்ஏ எதிரியாகவும் இருக்கிறது, கையாளாகவும் இருக்கிறது. இதில் நல்ல செய்தி, வைரஸையே தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது என்பது. வயதுக்கு வரும் முன்பே பெண் குழந்தைகளுக்குப் போடுவது சிறந்தது.

மருந்து எங்கே என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். மைக்ரோ ஆர்என்ஏவை அடிப்படையாகக் கொண்ட புற்றுநோய் மருந்து எதுவும் இன்றுவரை அங்கீகாரம் பெறவில்லை. மிர்-34ஐச் செயற்கையாகச் செய்து கொழுப்புத் துகளில் பொதிந்து நோயாளிகளுக்குக் கொடுக்கும் முதல் சோதனை 2013இல் தொடங்கியது. நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கிளர்ந்து சில நோயாளிகள் இறந்ததால் 2016இல் நிறுத்தப்பட்டது. மிர்-155ஐ முடக்கும் ஒரு மருந்து தோல் நிணநீர்ப் புற்றுக்குச் சோதிக்கப்பட்டு வந்தது. அதை நடத்திய நிறுவனம் 2020இல் வணிகக் காரணங்களால் திட்டத்தைக் கைவிட்டது. இத்தனைக்கும் மேல், மிர்-155 வெறும் வில்லன் அல்ல. அது இல்லாத எலிகள் தொற்றை எதிர்க்க முடியாமல் தடுமாறுகின்றன. அதை உடல் முழுவதும் அடக்கினால் கட்டியோடு சேர்ந்து எதிர்ப்புச் சக்தியும் அடிபடும். நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும் ஒன்றைக் கையில் எடுக்கும்போது அத்தனை விளைவுகளுக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

இந்த இடர்ப்பாட்டில் வாய்க்கு ஒரு சலுகை உண்டு. மூளைக்குள் மருந்தைக் கொண்டுசெல்வது கடினம். கன்னத்துக் கட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ரத்தத்தில் கலக்காமல் அந்த இடத்திலேயே ஊசியாகவோ களிம்பாகவோ கொடுக்க முடியுமா என்று முயல வேண்டியவர்கள் நாம்தான். நோய் இங்கேதான் மிகுதி, மேற்கில் குறைவு. அவர்கள் செய்வார்கள் என்று காத்திருப்பதில் நியாயம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏவை அளந்து புற்றுநோயை முன்கூட்டியே சொல்கிறோம் என்று விளம்பரம் வந்தால் நம்பி விடாதீர்கள். மைக்ரோ ஆர்என்ஏ ரத்தத்தில் நிலைத்து நிற்பது உண்மை. ஆனால் ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் சற்று உடைந்தாலே மிர்-16, மிர்-451 போன்றவை பன்மடங்கு கூடிக் காட்டும். அவை சிவப்பணுவுக்குள் நிறைந்திருப்பவை. ஊசி குத்திய விதமே முடிவை மாற்றிவிடும் சோதனையை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. வாய்ப்புற்றுக்கு இன்று உங்களிடம் உள்ள நம்பத்தகுந்த சோதனை கண்ணாடியும் டார்ச்சும்தான். இரண்டு மூன்று வாரம் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முன்போலத் திறக்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். நெமிலிச்சேரி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் எட்டாத தூரத்தில் இல்லை.

மாணவர்களுக்குச் சொல்ல இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. நீண்ட தூது ஆர்என்ஏ மிக எளிதில் சிதைந்துவிடும். கட்டியை அறுத்தவுடன் உறையவைக்காவிட்டால் அதைப் படிப்பது கடினம். மைக்ரோ ஆர்என்ஏ அப்படி அல்ல. குட்டையாக இருப்பதாலும் புரதத்தோடு சேர்ந்திருப்பதாலும் ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதித்த பழைய திசுக்கட்டிகளிலும் அது பிழைத்திருக்கிறது. பெரிய மருத்துவமனைகளின் நோய்க்குறியியல் துறைகளில் இப்படிப்பட்ட மெழுகுக் கட்டிகளை நோயறிதல் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் அலமாரிகளில் வைத்திருப்பது வழக்கம். அந்த நோயாளிகளில் யாருக்கு நோய் திரும்பியது, யார் பிழைத்தார்கள் என்பது கோப்புகளில் இருக்கும். நெறிக்குழுவின் ஒப்புதலோடு அந்தக் கட்டிகளிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து மிர்-155ஐயும் சிடிசி73 புரதத்தையும் அளக்கலாம். மரபணு உடையாமல் அடங்கிப்போனவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு நோய் திரும்பியது முன்னதாகவா பின்னதாகவா என்று கேட்கலாம். ஓர் ஆன்டகோமிர் மருந்து என்றாவது வந்தால் அதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கு முதலில் தேவைப்படும். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு நோய்க்குறியியல் மருத்துவரோடு சேர்ந்து தொடங்கக்கூடிய வேலை இது.